கூப்பிடு தூரத்தில் ஏரி

…அப்படியொன்றும் பேராசை இல்லை, 'இந்தாங்க' என்றால்கூடப் போதும், 'ஹலோ' என்றாலும் திரும்பிப் பார்த்துவிடுவேன், ஆனால் காலையிலிருந்து நான் பார்த்துக்கொண்டு வருவது முன்னால் போகிறவளின் முதுகுப்பையில் தொங்கும் சிவப்பு வாரைத்தான், அது இடதும் வலதுமாக ஆடிக்கொண்டே போகிறது, நான் பின்னாலேயே போகிறேன், நாய்க்குட்டி மாதிரி, இல்லை, நாய்க்குட்டி இவ்வளவு மூச்சு வாங்காது… கொஞ்சம் நின்றால் என்ன, நின்றால் அவளும் நிற்பாள், திரும்ப மாட்டாள், ஏதோ மரத்தைப் பார்க்கிற மாதிரி நின்றுவிட்டு என் காலடிச் சத்தம் மறுபடி கேட்டதும் நடப்பாள், அவ்வளவு கரிசனம் உண்டு, இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஊர் ஜனங்களை மேலே ஏற்றி இறக்குவதுதான் எனக்குப் பிழைப்பு, லிஃப்ட் மெக்கானிக், ஆனால் நான் ஏறுவதெல்லாம் படிதான், ஓடாத லிஃப்டுக்குத்தானே என்னைக் கூப்பிடுவார்கள், குடியிருக்கிற கட்டிடத்திலும் லிஃப்ட் கிடையாது, நாலாவது மாடி, வாத்தியார் பிள்ளை மக்கு என்பது இதுதான், அப்படி ஏறிப் பழகின காலே இந்த மலையில் கெஞ்சுகிறது. வெயில் இருக்கிறது, சூடு இல்லை, மரங்களின் உச்சியில் மட்டும் இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருக்கின்றன, கீழே இன்னும் பச்சை, முன்நெற்றியில் மட்டும் நரைத்த தலை மாதிரி, என் தலை மாதிரி என்றே சொல்லலாம், யார் கேட்கப் போகிறார்கள்.

அவள் என் மனைவியின் மகள். 'என் மகள்' என்றும் சொல்லிப் பார்த்திருக்கிறேன், குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு. பதினாலு வயது, எனக்கும் அவள் அம்மாவுக்கும் கல்யாணம் ஆனதிலிருந்து இன்றுவரை என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கோபத்தால் அல்ல, மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசினதில்லை, ஆனால் 'நீ'யும் இல்லாமல் 'நீங்க'வும் இல்லாமல் நம் பாஷையில் ஒருத்தியால் எத்தனை நாள் பேச முடியும், இவளால் முடிகிறது. 'டீ வேணுமா', 'அம்மா போன்ல இருக்காங்க', 'கதவு பூட்டலாமா', 'இந்த சாவி யாரோடது', எல்லாம் சரியான வாக்கியங்கள், வாலில் மட்டும் ஆளைக் காணோம், இலக்கண வாத்தியார் கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவார். அவசரமென்றால் தொண்டையைச் செருமுவாள், க்கும், நான் திரும்புவேன். அம்மாவிடம் பேசும்போது பார்க்க வேண்டும், நீ வா, நீ போ, உனக்கு ஒண்ணும் தெரியாது போ, வாய் ஓயாது, அடுத்த அறையில் உட்கார்ந்து அந்த 'நீ'யை நான் எத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், பக்கத்து வீட்டில் ஏதோ தாளிக்கிற வாசனை மாதிரி. அவளுடைய பெரியம்மாதான், இவள் தங்கிப் படிப்பது அங்கேதான், ஒருநாள் சொல்லிப் பார்த்தாள், சித்தப்பான்னு கூப்பிடேன்டி என்று. 'அவர் என்ன அப்பாவோட தம்பியா?' என்று கேட்டாளாம். நியாயமான கேள்வி, பெரியம்மாவே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாளாம். அப்பா என்ற சொல்லுக்கோ ஆள் இருக்கிறார், வேறு ஊரில், வேறு குடும்பத்தோடு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் வருவார், நல்ல மனிதர்தான், துண்டு போட்டு வைத்திருக்கிற இடத்தில் நான் போய் உட்கார முடியுமா, மாட்டேன், எனக்கு அது வேண்டாம், நிஜமாகவே வேண்டாம்… வேறு ஏதாவது, எனக்கென்று ஒரு குட்டிச் சொல், அது எந்த அகராதியில் இருக்கிறதோ.

பாதை வளைகிற இடத்தில் கல் சரிந்து கிடக்கிறது, அவள் தாண்டிவிட்டாள், தாண்டியவள் ஒரு குச்சியை எடுத்து நான் பிடித்து ஏறுவதற்கு வசதியாகக் கல்லிடுக்கில் ஊன்றிவிட்டுப் போகிறாள், இதுதான் இவள், குச்சி கொடுப்பாள், பெயர் கொடுக்க மாட்டாள். அவளுடைய அம்மாவும் வந்திருக்க வேண்டியது. போன வாரமே மூன்று பேருக்கும் ஷூ, மூன்று பேருக்கும் படுக்கைப் பை, எல்லாம் ஆயிற்று, கிளம்புகிற சமயத்தில் கால் பிசகிவிட்டது என்று உட்கார்ந்துவிட்டாள், ராத்திரி வலது காலை நொண்டினாள், காலையில் இடது காலை நொண்டினாள், மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு எந்தக் கால் என்றுகூடவா ஞாபகமிருக்காது. வாசலில் என் சட்டைக் காலரை இழுத்துவிட்டுச் சொன்னாள், 'அவகிட்ட எதுவும் கேக்காதீங்க. இருக்கப் போறாளா, திரும்ப அக்கா வீட்டுக்கே போறாளான்னு அவளா சொல்லட்டும். நாம வற்புறுத்தின மாதிரி ஆயிடக் கூடாது.' சரி என்றேன். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது, இப்போதும் படுகிறது, படுகிறதா… விடுமுறை முடிகிறது, பெரியம்மா வீட்டுப் பள்ளிக்கூடமா, எங்கள் தெருப் பள்ளிக்கூடமா என்று இந்த வாரம் தெரிந்தாக வேண்டும், அதற்குள் அவள் வாயிலிருந்து வர வேண்டும். என் சாமான் கிடந்த சின்ன அறையை ஒழித்து வெள்ளையடித்து, ஜன்னலுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, விளக்கு எந்தப் பக்கம் வைத்தால் எழுதும் கையின் நிழல் விழாது என்று நானே உட்கார்ந்து பார்த்து… அதையும் அவளிடம் சொல்லவில்லை, நெருக்கடியாக இருக்கும் என்று 'இது விருந்தாளிங்க ரூம், நீ படுத்துக்கோ' என்றுதான் அவள் அம்மா சொன்னாள், எவ்வளவு நாசூக்கு. விடுமுறை முழுக்க அந்த அறையில் இருந்தாள், துணிப்பையைக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருந்தாள், அலமாரி காலியாகவே இருந்தது, நான் பெருக்கும்போதெல்லாம் அந்தப் பை துடைப்பத்தில் தட்டும், பையை இன்னும் பிரிக்கவில்லை என்று தெரியும்.

மேடு முடிகிறது, முடிகிறது என்று நினைத்து மூன்று மேடு ஏறியாயிற்று, இதுவும் ஏமாற்றுமோ என்று பார்த்தால் அவள் நின்றுவிட்டாள், அவளுக்கு அப்பால் மரம் இல்லை, வானம் இருக்கிறது, பையை ஒரு தோளிலிருந்து நழுவவிட்டு, மறு தோளிலிருந்தும் நழுவவிட்டு, தொப்பென்று கீழே போட்டுவிட்டு, இடுப்பில் இரண்டு கையும் வைத்து, நீளமாக, வாய் நிறைய, "அப்பா…!" என்றாள். "என்னம்மா?" என்றேன். யோசிக்கவில்லை, ஒரு கண் இமைக்கிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை, ஏதோ பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லுக்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தவன் மாதிரி, அதுவும் எவ்வளவு குழைவாக, 'என்னம்மா'. அவள் திரும்பினாள். மூஞ்சியெல்லாம் வியர்வை, சிவந்திருந்தது, ஏறினதாலா இதனாலா தெரியவில்லை. "இல்ல… சும்மா. ஏறி முடிச்சதுக்கு." "ஓ… ஆமாமா. நானும்… யப்பா, என்ன ஏத்தம்," என்றேன், அசடு வழிவது என்பார்களே, அது வழிந்து கழுத்துவரை வந்துவிட்டது. ஆமாம், சுமையை இறக்கினால் யார்தான் 'அப்பா' என்று சொல்ல மாட்டார்கள், நானே ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறேன், எங்கப்பா போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று, அவர் வந்து என்னடா என்று கேட்கவா செய்கிறார்… முள் குத்தினால் அம்மா, மூட்டை இறக்கினால் அப்பா, திடுக்கிட்டால் இரண்டு பேரையும் ஒரே மூச்சில் இழுப்பது, என்ன பாஷையடா இது, வேறு பாஷையில் பிறந்திருந்தால் மானம் தப்பியிருக்கும். அவள் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினாள், அவிழாத நாடா, அவிழ்த்துவிட்டுக் கட்டினாள்.

ஏரி அங்கே இருந்தது. இவ்வளவு தூரம் நடந்து வந்ததே இதைப் பார்க்கத்தான், பார்த்தேன், கண்ணுக்குள் போயிற்று, மனசுக்குள் போக இடமில்லை, அங்கே 'என்னம்மா' உட்கார்ந்திருந்தது. பெரிய ஏரி அல்ல, இந்தக் கரையில் நின்று உரக்கக் கூப்பிட்டால் அந்தக் கரையில் கேட்கும், சுற்றி வர மலை, மலையின் பழுப்பும் மஞ்சளும் தண்ணீரில் தலைகீழாக, அடியில் கிடக்கிற கூழாங்கல்கூட எண்ணலாம் போலத் தெளிவு, தெளிவாக இருக்கிறதே என்று நம்பக் கூடாது, தெளிந்த தண்ணீர்தான் ஆழத்தைக் காட்டாது. நாங்கள் இறங்கிக் கரைக்குப் போனோம். அவள் குனிந்து விரலை விட்டுப் பார்த்து "ஐயோ, ஐஸ்" என்றாள், எனக்குச் சொன்னாளா தண்ணீருக்குச் சொன்னாளா, இந்தத் தடவை நான் பதில் சொல்லவில்லை, சூடு கண்ட பூனை. ஆனால் ஒன்று, அவள் சிரிக்கவில்லையே… என்னை மடக்கிக் கிண்டல் செய்திருக்கலாம், சிக்னல் கிடைத்ததும் அம்மாவுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கலாம், அந்த வயதுப் பெண் அதைத்தான் செய்யும், இவள் நாடா கட்டினாள். என்னைக் காப்பாற்றினாளா, அல்லது அந்தச் சொல் தப்பான ஆளிடம் போய் விழுந்ததில் அவளுக்கு வருத்தமா, கேட்கலாமா, எதுவும் கேட்கக் கூடாது, கேட்கக் கூடாது.

கூடாரம் போட இடம் பார்த்தோம், கரையிலிருந்து கொஞ்சம் மேலே, புல் தரை, சரிவு இல்லை. நான் கம்பிகளைக் கோத்தேன், அவள் முளைகளைக் கல்லால் அடித்தாள், உள்கூடு எழும்பிவிட்டது, இரண்டு பேர் படுக்கிற பெட்டி, நான் நாள் முழுக்கப் பார்க்கிற லிஃப்ட் பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம், கொஞ்சம் குட்டை. அதைத்தான் அவளும் நினைத்தாளோ என்னமோ, முளையை அடித்துக்கொண்டே கேட்டாள், "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க அழுவாங்களா?" சிலர் அழுவார்கள், சிலர் திட்டுவார்கள், ஒருத்தர் பாடினார், என்று சொன்னேன். "அப்ப என்ன பண்றது?" பண்றது, பார்த்தீர்களா, பண்ணுவீங்க இல்லை, பண்ணுவ இல்லை. "பேசிக்கிட்டே இருப்பேன். பயமா இருக்கா, மூச்சு முட்டுதான்னு ஒரு கேள்வியும் கேக்க மாட்டேன், கேட்டா அதுவரைக்கும் இல்லாத பயம் வந்துரும். இப்ப மெஷின் ரூமுக்குப் போறேன், இப்ப பிரேக்கத் தளர்த்தறேன், இப்ப ஒரு சின்னக் குலுங்கல் வரும், அப்படின்னு நான் செய்யறதச் சொல்லிக்கிட்டே இருப்பேன். பயப்படாதம்மா, வந்துட்டேம்மா, அவ்வளவுதான்." "பேர் கேக்கறதில்லையா?" "எதுக்கு? ஆம்பளைன்னா ப்பா, பொம்பளைன்னா ம்மா. கதவு திறந்ததும் அவங்கவங்க வழியப் பாத்துப் போயிடுவாங்க." அவள் 'ம்' என்றாள், அடுத்த முளையை ஓங்கி அடித்தாள், இவ்வளவு வேகம் அந்த முளைக்குத் தேவையில்லை, எனக்கு ஏனோ நன்றாகப் பேசிவிட்ட திருப்தி, தொழில் ரகசியத்தையெல்லாம் சொல்லியிருக்கிறேனே.

மேல் விரிப்பைப் பிரித்துப் புல்லில் போட்டேன், நாலு மூலையிலும் கல் வைக்க வேண்டும், எவனும் செய்கிற வேலை, என்னிடம் வேலை பழகின பையன்களுக்கு இதே மாதிரி விஷயத்துக்காக எத்தனை திட்டு விழுந்திருக்கும், பூட்டாமல் நகராதே, மாட்டாமல் கையை எடுக்காதே… நான் கல்லை எடுக்கக் குனிந்தவன் 'என்னம்மா'வுக்குள் மறுபடி போய்விட்டேன், 'சும்மா' என்றாளே, அந்தச் 'சும்மா'வில் ஒரு சின்ன இடைவெளி இருந்ததே, முன்னால் 'இல்ல' என்று ஒன்று, பிறகு ஒரு இடைவெளி, பிறகு 'சும்மா', அந்த இடைவெளியில் என்ன இருந்திருக்கும் என்று… காற்று வந்தது. அது வரை எங்கே இருந்ததோ, மலை இடுக்கிலிருந்து ஒரே வீச்சாக வந்து விரிப்பைத் தூக்கியது, நான் கல்லும் கையுமாக நின்றேன், அது புல்லைத் தாண்டி, மணலைத் தாண்டி, பெரிய பச்சைப் பாயாகத் தண்ணீர் மேல் போய் உட்கார்ந்து, மெல்லமாக நகரத் தொடங்கியது. மேல் விரிப்பு இல்லாமல் இந்தக் குளிரில் தங்க முடியாது, திரும்ப வேண்டியதுதான், திரும்பினால் கேட்காத கேள்வியோடு திரும்ப வேண்டும், இதெல்லாம் இப்போது யோசிக்கிறேன், அப்போது யோசிக்கவில்லை, ஷூவோடு இறங்கிவிட்டேன். குளிர் என்று அதைச் சொல்ல முடியாது, முழங்காலை யாரோ இடுக்கியால் பிடித்த மாதிரி, பிறகு தொடை, பிறகு இடுப்பு, விரிப்பின் ஓரம் விரலுக்கு ஒரு சாண் தள்ளி, நான் ஓர் அடி வைத்தால் அது ஓர் அடி போகிறது, விளையாட்டுக் காட்டுகிறது, எனக்கு நீச்சல் தெரியாது, இது இவளுக்கும் தெரியும், இவள் அம்மா இதைச் சொல்லி என்னைக் கேலி செய்யாத நாளில்லை. பின்னால் சத்தம். "வேணாம்! போதும்!" இன்னோர் அடி, கால் கீழே இருந்த கூழாங்கல் உருண்டது, மார்புவரை வந்துவிட்டது, மூச்சு உள்ளே போகிறது, வெளியே வர மறுக்கிறது. "விடு அத! வா! வெளிய வா!"

வா. நான் அப்படியே நின்றேன். பைத்தியக்காரன், கால் மரத்துப்போகிற தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு சொல்லை நக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், 'விடு', 'வா', வாலில் ஆள் இருக்கிறது, நான் இருக்கிறேன், ஒருமையில் இருக்கிறேன்… அதற்குள் என்னைத் தாண்டி அவள் போகிறாள், எப்போது இறங்கினாள், இரண்டு கை வீசி நீந்தி விரிப்பின் மூலையைப் பிடித்து, மறு கையால் என் சட்டையின் பின்கழுத்தைப் பிடித்து இழுத்தாள், பூனை குட்டியைத் தூக்குகிற மாதிரி, இரண்டு பேரும் விரிப்புமாகக் கரையில் வந்து விழுந்தோம். பல் கிடுகிடுவென்று அடித்தது. அவளுக்கும்தான். ஆனால் பயத்தில் வருகிற 'வா'வை நம்பலாமா, கிணற்றோரம் போகிற மாட்டையும் வா என்றுதான் கத்துவோம், அதில் மரியாதையும் கிடையாது, உரிமையும் கிடையாது, அவசரம் மட்டும்தான். ஆளுக்கொரு பக்கம் திரும்பி உலர்ந்த துணி மாற்றினோம், இருக்கிற கம்பளிகளையெல்லாம் மாட்டிக்கொண்டோம், அவள் தலையைத் துவட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "நீச்சல் தெரியாதுன்னா தெரியாத மாதிரி இருக்கணும்," என்றாள். மறுபடியும் வாலில்லாத வாக்கியம். சரி, கதவு மூடிவிட்டது.

விரிப்பைப் பிழிய வேண்டியிருந்தது. ஒரு முனையை அவள் பிடித்தாள், மறு முனையை நான், அவள் வலது பக்கம் முறுக்க நான் இடது பக்கம் முறுக்க, நடுவிலிருந்து தண்ணீர் கொட்டியது, வீட்டில் போர்வை பிழியும்போது அவளும் அவள் அம்மாவும் இப்படித்தான் நிற்பார்கள். "அம்மா எதுவும் கேக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. அப்படித்தானே?" என்றாள். "யார் சொன்னா?" "யாரும் சொல்ல வேணாம். காலையிலேர்ந்து மலையப் பத்தி, ஷூவப் பத்தி, லிஃப்ட்டப் பத்தி… கேள்வியே இல்லாத பேச்சு. இப்ப பிரேக்கத் தளர்த்தறேன்ங்கற மாதிரி." நான் முறுக்குவதை நிறுத்திவிட்டேன். "உன் இஷ்டத்துக்கு நீயே முடிவெடுக்கணும்னுதாம்மா…" "எந்த முடிவு?" என்றாள், முறுக்குவதை அவள் விடவில்லை, என் கையில் துணி தானாகச் சுற்றியது. "கூப்பிட்டாத்தானே வர்றதா வேணாமான்னு முடிவெடுக்க. யாரு கூப்பிட்டாங்க? விருந்தாளிங்க ரூம்ல படுத்துக்கோன்னாங்க, படுத்துக்கிட்டேன். விருந்தாளி லீவு முடிஞ்சா கிளம்பணும்ல, அதான் பையப் பிரிக்கல." நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், 'இல்லம்மா' என்று வந்திருக்கும், அவள் முந்திக்கொண்டாள். "இந்த ம்மா ஒண்ணு. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்களுக்கும் ம்மா, எனக்கும் ம்மா. என் பேரே யாருக்கும் தெரியாத மாதிரி." பிறகு விரிப்பை உதறிக் கூடாரத்தின் மேல் போட்டாள், மூலை மூலையாகக் கட்டினாள், முகத்தை எனக்குக் காட்டவில்லை, "தண்ணி பிடிச்சிட்டு வரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பாட்டில்களோடு போய்விட்டாள்.

சின்ன அடுப்பைப் பற்ற வைத்தேன். கேனில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றி டீத்தூள் போட்டேன்… என்ன சொன்னாள், கூப்பிட்டாத்தானே, ஆமாம், கூப்பிட்டாத்தானே, நான் ஏதாவது சொல்லிக் கூப்பிடுகிற கூப்பிடலுக்காகக் காத்திருந்தேன், அவள் வீட்டுக்குக் கூப்பிடுகிற கூப்பிடலுக்காகக் காத்திருந்தாள், ஒரே சொல், ஒரே வீடு, நாசூக்கு நாசூக்கு என்று நாங்கள் இரண்டு பேரும் அவளை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்திருக்கிறோம், அழையாத வீட்டுக்குள் நுழைகிற பழக்கம் இவளுக்கு இல்லை, நல்ல பழக்கம்தான், அதை யார் குற்றம் சொல்வது. இத்தனை நாள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேனே, என் வாயில் என்ன இருந்தது என்று ஒரு நாள் பார்த்தேனா, ம்மா, வாம்மா, சாப்பிடும்மா, பாத்துப் போம்மா, தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன், அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது, நல்ல பெயர், அதை நான் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன், அவளிடம் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை? அவள் அம்மா சுண்டு என்கிறாள், அவளுடைய அப்பா வைத்த செல்லப்பெயர், அது எனக்கில்லை என்று தெரியும், முழுப் பெயரைச் சொன்னால் வாத்தியார் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி இருக்குமோ என்று பயம், பயம்தான், வேறென்ன, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று. அவளும் அதற்குத்தான் வாலை வெட்டி வெட்டிப் பேசினாளோ… ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே ஒரே பாடத்தைப் படித்திருக்கிறோம்.

டீ பொங்கி அடங்கியது. இரண்டு டம்ளரில் ஊற்றினேன். ஓடை ஏரியில் விழுகிற இடத்தில் அவள் குந்தியிருக்கிறாள், முதுகு இந்தப் பக்கம், கம்பளித் தொப்பி, மலை நிழல் தண்ணீரில் பாதி வரை வந்துவிட்டது, அவள் இருக்கிற ஓரத்தில் மட்டும் வெயில். தூரமில்லை, கூப்பிடு தூரம்தான், ஆனால் ஓடைச் சத்தம் இருக்கிறது, உரக்கச் சொல்ல வேண்டும். கேக்காதீங்க என்றுதானே சொன்னாள் என் மனைவி, கூப்பிடாதீங்க என்றா சொன்னாள், இரண்டும் ஒன்றா, இல்லை, ஒன்றில்லை, எத்தனை நாள் ஆயிற்று இது தெரிய… எழுந்து நின்றேன். வாயைத் திறந்தேன், முதலில் 'ம்மா' வந்து பல்லில் நின்றது, பழக்கதோஷம், விழுங்கினேன். பிறகு அவள் பெயரைச் சொன்னேன். முழுதாக, உரக்க, என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சொன்னதும் அதற்குப் பின்னால் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம், டீ ஆறுது, நம்ம வீட்டுக்கே வந்துடு, அந்த அறை உனக்குத்தான் ஒழிச்சேன், எல்லாம் எங்கேயோ போய்விட்டது, "வா!" என்று மட்டும் வந்தது.

அவள் உடனே திரும்பவில்லை. பாட்டில் நிரம்பிக்கொண்டிருந்தது போல. பிறகு தலையை மட்டும் திருப்பி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, அதே அளவு உரக்க, "இரு, வரேன்!" என்றாள். அவசரமில்லை அதில், பயமில்லை, எந்த வீட்டிலும் எந்த அறையிலிருந்தும் யாரும் சொல்கிற மாதிரி. வரேன் என்றாள், எதற்கு வருகிறேன் என்கிறாள், டீக்கா, வீட்டுக்கா… அவளைச் சொல்வானேன், நான் வா என்றது எதற்கு, எனக்கே இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை, டீக்குத்தான் எழுந்து நின்றேன், பெயரைச் சொல்லும்போது டீ ஞாபகத்தில் இல்லை, அது அவளுக்குக் கேட்டிருக்குமா, அந்தத் தூரத்துக்கு அது கேட்குமா. இன்னொரு தடவை சரியாகச் சொல்ல வேண்டும், பக்கத்தில் வந்ததும், வீட்டையும் சேர்த்து, சொல்லிவிடுவேனா, மறுபடி ஷூவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேனா… அவள் மூடியைத் திருகுகிறாள், அடுத்த பாட்டிலை எடுக்கிறாள், டம்ளரில் ஆவி குறைந்துகொண்டே வருகிறது, கால் இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது, உட்கார்ந்தால் கம்பளியைப் போர்த்திக்கொள்ளலாம், உட்காரத் தோன்றவில்லை. அவள்தானே இரு என்றாள், இருக்கிறேன்.